எடுத்த இடத்திலேயே

பள்ளத்தூரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப்
பதினேழு பங்குதாரர்கள்.
பணம் ஒருவர் கணக்கில் ஏறும்,
ரசீது இன்னொருவர் தருவார்.
மீட்டர் அறைச் சாவி எங்கே இருக்கிறது என்பது மட்டும்
யாருக்கும் தெரிந்ததில்லை.

மாடி அறையில் என் வேலை, கெர்னலுக்குள்.
இயந்திரம் தன்னைப் பற்றித் தானே
எழுதிக்கொள்ளும் குறிப்பேடு அது.
வட்டு நிரம்பியது, வலை அறுந்தது,
இன்ன நொடியில் இன்ன முகவரியில் தடுக்கி விழுந்தேன்.
எட்டு கோர்களும் ஒரே தாளில் எழுத வருவதால்
ஒரு பூட்டு.
பிடித்தவர் எழுதலாம், மற்றவர் வாசலில் சுற்றலாம்.
சுற்றுவது என்பது உவமை இல்லை.
வேறொரு வேலையும் பார்க்காமல்
விட்டாச்சா, விட்டாச்சா என்று
நொடிக்குக் கோடி முறை கேட்பது.

மூன்று வாரமாக ஒரு பிழை.
எங்கோ யாருடைய இயந்திரமோ
ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றுபோகிறது.
சாகும்போது சொல்ல வேண்டியதை எழுதப் போனால்
பூட்டியிருக்கிறது.
பூட்டியது யார் என்பதையும்
அந்தத் தாளில்தான் எழுதியாக வேண்டும்.

கோடைப் படித்தேன்.
ஒரு ஃபங்ஷன் வெறுங்கையோடு நுழைந்து
பூட்டைப் பிடித்தபடியே அடுத்ததைக் கூப்பிடுகிறது.
அடுத்தது பாதி வழியில் எங்கோ அதை விட்டுவிட்டு
வெறுங்கையோடு திரும்புகிறது,
சில நாள் விடாமலும்.
மேலே எவரோ, எப்போதோ எழுதிய குறிப்பு:
'இங்கே ஏன் விடுகிறோம் என்றால்'
அத்தோடு நிற்கிறது வாக்கியம்.

செவ்வாய் இரவு ஒரு மணிக்கு
மீட்டர் அறைக் கதவிடுக்கில் புகை,
ரப்பர் கருகும் வாடை.
காவல் சேவுகன் சொன்னார்:
"சாவிய வயிரவன் அண்ணன் கையில குடுத்தேன்."
வயிரவன் போனில், அரைத் தூக்கத்தில்:
"வயர்மேன் அந்தோணி வாங்கிட்டுப் போனாப்ல."
அந்தோணி புதுவயலில், அரிசி ஆலை நைட் ஷிஃப்டில்:
"சாவி என் பையிலதான் கெடக்கு.
ஆனா நான் பூட்டலயே, தெறந்து போட்டுட்டுல்ல வந்தேன்."
சேவுகன் தலையைச் சொறிந்தார்.
"தெறந்து கெடக்கேன்னு
நாந்தான் அமுக்கிவிட்டேன்."

கதவு தேக்கு, கொண்டி தகரம்.
கடப்பாரையின் முதல் நெம்பிலேயே கையோடு வந்துவிட்டது.
மெயினை இறக்கினோம். தெருவே எங்களைவிட வெளிச்சமாக இருந்தது.

மடிக்கணினியில் நாற்பத்தோரு சதவீதம்.
படியேறிப் போய் உட்கார்ந்தேன்.
பிடிப்பதும் விடுவதும் இனி ஒரே ஃபங்ஷனில்,
ஒரே திரையின் உயரத்துக்குள்.
பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு
யாரும் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டாம்.
சாகப்போகும் கோர் வந்தால் மட்டும்
கேட்காமல் எழுதட்டும், எழுத்து கலைந்தாலும் சரி.
கொண்டி தகரம்தானே.
சேர்த்தது ஒன்பது வரி, எடுத்தது முப்பத்துநாலு.
அந்த அரை வாக்கியத்தை மட்டும்
இரண்டு முறை அழித்து
இரண்டு முறை திரும்பக் கொண்டுவந்தேன்.
பிறகு அழித்தேன்.

எட்டையும் ஒருசேர விழவைத்துப் பார்த்தபோது
ஆறு சதவீதம் மிச்சம்.
கடைசி இரண்டு வரிகள்
ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, மூச்சிரைத்து,
ஆனால் படிக்க முடிந்தது.
எங்கே விழுந்தது என்று சொல்லிவிட்டுத்தான் விழுந்திருந்தது.

காலை டவுன்பஸ்ஸில்
நாளிதழ்த் துண்டில் பொதிந்து
கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது சாவி.
"எங்க வைக்க?" என்றார் சேவுகன்.
பூட்டுக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டுங்கள் என்றேன்,
முப்பத்துநாலு வரி எடுத்த மிதப்பில்.
"அப்பறம் பூட்டு எதுக்கு?"

உடனே பதில் வரவில்லை.
அவர் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.
கொண்டி இருந்த ஓட்டையில்
தேங்காய் நார்க் கயிற்றை நுழைத்து
ஒரு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பார்த்து,
"காத்துக்கு அடிக்காம இருந்தாச் சரி" என்று
சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.