எடைப்பாலத்தில் நாற்பத்தொரு வினாடி

லாபிஸ் செம்பனை ஆலையின் வாசலில்
இருபத்தாறு லோரிகள். எண்ணிப் பார்த்தேன்.
ஒவ்வொரு சீட்டுக்கும் நாற்பத்தொரு வினாடி.
அதையும் எண்ணிப் பார்த்தேன்,
எடைப்பாலக் கிராணி புவனேந்திரன்
என்டர் தட்டிவிட்டுக் கை கட்டிக்கொண்டு
கூரைக் காற்றாடியைப் பார்க்கிற நேரத்தில்.

"சர்வர் செத்துப்போச்சு, புதுசுதான் வாங்கணும்"
என்றார் மேனேஜர். மேசையில் மூன்று கொட்டேஷன்.

சாகவில்லை.
உரமூட்டைகளுக்குப் பக்கத்தில், இருட்டறையில்
காய்ச்சல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது.
டிஸ்க் விளக்கு மட்டும் ஓயாமல் சிமிட்டியது.
மூளைக்கு வேலையில்லை,
கால்தான் ஓடுகிறது.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
முதல் வரியில் யாரோ:
"ஜாங்கான் உசிக்." தொடாதே.
பெயர் இல்லை. தேதி மட்டும்,
பதிமூன்று வருஷத்துக்கு முந்தியது.
அதற்குக் கீழே பஃபர் பூல்: நூற்றிருபத்தெட்டு எம்பி.
பதினாறு ஜிபி நினைவகம் உள்ள பெட்டியில்.

அத்தனை பெரிய மேசை இருக்க
மூலையில் ஒரு கோப்பளவு இடம் துடைத்து,
பின்னறைக்கு ஓடி, ஒன்றை எடுத்துவந்து,
பார்த்து, திருப்பி வைத்து,
மறுபடி அதே கோப்புக்காக ஓடி...
பாவம், பதிமூன்று வருஷம்.

ஆத்திரத்தில் பதினைந்து கொடுத்தேன்.
கால்மணி நேரம் பறந்தது. பிறகு
எழுபது வினாடி.
வீட்டையே மேசையாக்கினால் நிற்க இடம் ஏது?
மூச்சு முட்டிய பெட்டி
நினைவகத்தைப் பெயர்த்துப் பெயர்த்து
டிஸ்கில் கொட்டிக்கொண்டிருந்தது.
விரலுக்கேற்ற வீக்கம், என்றேன் வாய்விட்டு.
புவனேந்திரன் தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

பத்து.
ஐந்நூறு இணைப்புகளை நாற்பதாக்கினேன்
(ஆலையில் ஆளே முப்பத்தேழு பேர்).
ஒன்றை மாற்று. காத்திரு. அள. எழுதிவை.
பிறகுதான் அடுத்தது.
பதினெட்டு வினாடி. ஒன்பது. நான்கு.
வெளியே, அணைத்து வைத்திருந்த எஞ்சின்கள்
ஒவ்வொன்றாய் இருமத் தொடங்கின.

நான்கை ஒன்றாக்க இன்னொரு வழி இருந்தது.
சீட்டை அந்தக் கணமே டிஸ்கில் பதிக்காமல்
நொடிக்கொரு தடவை மொத்தமாய்ப் பதிப்பது.
கோப்பில் ஒன்று என்றிருப்பதை இரண்டாக்கினால் போதும்.
பலரும் செய்வதுதான்.
நஷ்டம்? கரண்டு போனால் ஒரு நொடி.

இந்த ஊரில் பிற்பகல் மூன்றுக்குமேல்
மின்னலுக்கு வேறு வேலை கிடையாது.
யூபிஎஸ் பேட்டரி வீங்கி எத்தனை மாதமோ,
அதன்மேல் மைலோ டின்னில் பேனாக்கள்.

ஒரு நொடிக்குள் என்ன இருக்கும்?
பாலத்தின்மேல் நின்ற லோரியைப் பார்த்தேன்.
ஐந்து ஏக்கர்க்காரர் ஹாஜி சம்சூரி.
சொந்தக் குலை, சொந்த லோரி, கடன் டயர்.
ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.
அவருடைய பத்து நாள்.

ஒன்றை ஒன்றாகவே விட்டேன்.

புவனேந்திரன் என்டர் தட்டினார், சீட்டு வந்தது,
கிழிப்பதற்குள் இடி. எல்லாம் அணைந்தது.
காற்றாடி இன்னும் நாலைந்து சுற்று
பழக்கத்தில் சுற்றிவிட்டு நின்றது.
அவர் பதறவில்லை. டார்ச்சை எடுத்தார்.

கரண்டு வந்து, பெட்டி எழுந்து,
தன் குறிப்பேட்டைத் தானே படித்து முடித்தபோது
கடைசி வரியில் இருந்தார் சம்சூரி,
ஒரு கிலோ குறையாமல்.

அவருக்கு இதெல்லாம் தெரியாது.
"இன்னும் லம்பாட்தான்" என்று முனகிக்கொண்டு
மழைக்குள் லோரியை இறக்கினார்.
மேனேஜர் கொட்டேஷன்களைக் கிழிக்கவில்லை,
டிராயருக்குள் வைத்தார்.

கிளம்புமுன் கோப்பை மறுபடி திறந்தேன்.
தொடாதே என்ற வரியை அழித்துவிட்டு,
தொடலாம் என்று எழுதினேன்.
இந்த ஒன்றை மட்டும்,
பாலத்தின்மேல் யார் நிற்கிறார் என்று
பார்த்துவிட்டுத் தொடவும்.
கீழே என் பெயரைப் போட்டேன்.
கைபேசி எண்ணையும்.