முடியவில்லை

செகெட் நகரத்தில் ஜனவரி.
டிஸா ஆற்றின் ஓரத்தில் தகடு தகடாய்ப் பனிக்கட்டி.
குளிர் அறையில் எமேஷெ
தொண்ணூற்றாறு குழிகளையும் நுண்ணோக்கியில் பார்க்கிறாள்:
தெளிந்த துளி. தெளிந்த துளி. ஒரு தூசி.
தெளிந்த துளி.
படிகம் எதிலும் இல்லை.
நோட்டில் எழுதுகிறாள்: முடியவில்லை.

நான்கு வருடமாக அதே சொல்.
"அழுக்கு இருக்கிறது, மறுபடி சுத்தம் செய்"
என்பார் பேராசிரியர் கெர்கே.
புரதம் அவருக்கு ஒரு பூட்டு.
துவாரத்தை அளந்துவிட்டால்
சாவியைச் செய்துவிடலாம்.
பிடி கொடுக்காத எதையும்
பொய் என்றே கணக்கில் வைப்பார்.

காந்தத்துக்குள் வைத்தும் பார்த்தார்கள்.
சிதறி நிற்க வேண்டிய புள்ளிகள்
கடைசி டிராமில் ஏறியவர்கள் மாதிரி
நடுவில் நெருக்கியடித்து நின்றன.
"செத்த புரதம்" என்றார் கெர்கே.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
குழாய்களைத் தொண்ணூற்றைந்து டிகிரியில் வைத்துவிட்டு
வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரியோடு போனில் சண்டை.
ஐந்து நிமிடம் நாற்பதாயிற்று.
ஓடி வந்தால்
மற்ற புரதமெல்லாம் திரிந்த பால்,
வெந்த முட்டையின் வெள்ளை.
அது மட்டும் குழாயில்
ஒன்றும் நடக்காத தண்ணீராய்.

குலைவதற்கு
ஒரு கோலம் இருந்திருக்க வேண்டுமே.

அதற்குப் பிறகுதான் கேள்வியை மாற்றினாள்:
எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல்
யாரோடு இருக்கிறாய் என்று.
செல் இரண்டாகப் பிரியப் போகும் நேரத்தில்
நில் என்று சொல்கிற வேலை அதற்கு.
ஒரு துணையின்மேல் படிந்தபோது சுருண்டது.
இன்னொன்றின் பள்ளத்தில் நாடாவாய் நீண்டது.
மூன்றாவதைப் பற்றிக்கொண்ட பின்னும்
வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"நம் ஆறு மாதிரி" என்றான் ஜோம்போர்,
"அதையும் வெட்டி நேராக்கிப் பார்த்தார்களே."
ஆற்றுக்குக் கரை உண்டு,
இதற்கு அதுவும் கிடையாது என்றாள்.
சொல்லிக்கொண்டே வலைத்தொப்பியைக் கழற்ற
கூந்தல் தோளில் சரிந்தது.

அவள் எழுதியது அவள் மொழிச் சொல்.
தமிழில் எழுதும் எனக்கு
இந்த இடத்தில் கை நிற்கிறது.
முடியவில்லை:
தோற்றவர் சொல்வது.
வாரிய கூந்தலை அப்படியே விட்டவளுக்கும்
அதே சொல்தான்.

ஆண்டறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்: உருவம்.
நான்கு வருடமாக அங்கே கோடு கிழித்தவள்
இம்முறை எழுதினாள்:
ஆளைப் பொறுத்தது.

கெர்கே இரண்டு முறை படித்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மறுபடி கொதிக்க வை" என்றார்,
"இந்த முறை என் கண்முன்னால்."