ஓடாமல் தேய்ந்தது

வெல்மார், வடக்கு டகோட்டா.
ஆயிரத்து அறுநூறு பேர். போலீஸ் வண்டி மூன்று.
மூன்றுக்கும் எண்ணெய் மாற்றுகிறவன் நான்.
பனி வழிக்கும் லாரிக்கும்
கல்லறைத் தோட்டத்துப் புல்வெட்டிக்கும் நானேதான்.

இந்த வருஷம் ஒன்று வாங்கப் பணம் இருந்தது.
இரண்டு கேட்டாள் தலைமை அதிகாரி ஆர்லிஸ் ட்வைட்.
ஒன்றுதான் எதற்கு என்றார் ஆரின் ஸ்கார்,
கோதுமைக் கிடங்குக்காரர்,
கவுன்சிலில் பதினெட்டு வருஷம்.
பக்கத்துக் கவுண்டி கழித்துப் போட்டதை
இனாமாகத் தருகிறார்களாம்.
தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பது
என்று சிரித்தார்.

நான் பிடித்துப் பார்த்தேன்.
சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுத்தேன்:
துணியில் ஒரு பழுப்புக் கோடு,
வெள்ளம் நின்று போன உயரம்.
கம்பளத்தை உரித்தால் ஆற்று வண்டல்,
அதில் ஒரு சிப்பி.
சிப்பியைக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தேன்.

"சரி, நம் இரண்டாம் எண்ணுக்கு என்ன கேடு?
அறுபத்தோராயிரம் மைல்.
என் மனைவியின் கார் அதைவிடக் கிழம்."

மைல் சொல்வது ஓடிய கதை.
திரையில் இன்னும் ஓர் எண் உண்டு,
இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் வரும்:
இன்ஜின் ஓட, சக்கரம் நின்ற மணிநேரம்
ஆறாயிரத்து எண்ணூறு.
நின்ற ஒரு மணி, முப்பத்துமூன்று மைல் தேய்மானம்.
பெருக்கிப் பாருங்கள் என்றேன்.
யாரும் பெருக்கவில்லை.
"அப்படி எங்கேதான் நின்றது?"

ரயில்வே கேட்டில். பள்ளிக்கூடத்து வளைவில்.
கவிழ்ந்த பீட்ரூட் லாரிக்குப் பின்னால், விளக்கு சுழல.
பிறகு மூன்றாம் தெருவில்,
மரீட்டா ஃபெல்ட் வீட்டுக்கு எதிரே,
அவளுடைய பழைய கணவன் சிறையிலிருந்து வந்த நவம்பர் முதல்
அவன் மொன்டானா போய்விட்டான் என்று உறுதியான மார்ச் வரை,
இரவு இரவாக.
வெளியே மைனஸ் முப்பது.
இன்ஜினை அணைத்தால்
உள்ளே டாரின் ஷ்வெங்லர் விறைத்துப் போவான்.
ஓட்டுநர் இருக்கையின் இடது விளிம்பைப் பாருங்கள்,
அவன் துப்பாக்கி உறை அரித்து அரித்து
பஞ்சு வெளியே வந்திருக்கிறது.

ஸ்கார் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மரீட்டா அவர் கிடங்கில்தான் எடை எழுதுகிறாள்.

வாக்கெடுப்பு நாலுக்கு ஒன்று.
அந்த ஒன்று ஸ்கார்.
ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில் என் லாரிக் கண்ணாடியைத் தட்டி,
"ஏலத்துக்கு வரும்போது சொல்" என்றார்.

மே மாதம் எழுநூறு டாலருக்கு எடுத்துக்கொண்டார்.
எழுத்துகளை நான்தான் சூடு காட்டி உரித்தேன்.
உரித்தாலும் போகாது.
வெயில் படாத இடம் வேறு வெள்ளை.
சாயங்காலம் சாய்ந்த ஒளியில்
கிடங்கு வாசலில் அது நிற்கும்,
யாரும் ஓட்டுவதில்லை,
கதவில் மெல்ல எழும்பும் ஆறு எழுத்து.
நெடுஞ்சாலையில் வருகிறவன்
ஏனென்று தெரியாமல் பிரேக்கில் கால் வைப்பான்.

புதியது கலப்பின வகை.
நிற்கும்போது இன்ஜின் உறங்கும்,
குளிர் உறைத்தால் எழுந்து
கொஞ்சம் சூடு கொடுத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும்.
ஆர்லிஸ் கேட்டது அது ஒன்றைத்தான்.
நிறத்தை அவள் பார்க்கவே இல்லை.

இன்று காலை பட்டறையில் நானும் அதுவும்.
இருக்கையில் இன்னும் பிளாஸ்டிக் உறை.
பதினொரு மைல்.
நின்ற மணி: பூஜ்யம்.
விளக்குப் பட்டைக்குக் கூரையில் நாலு துளை போட வேண்டும்.
பென்சிலால் குறித்தேன், அளந்தேன்,
மறுபடி அளந்தேன்.
காபி ஆறிவிட்டது.
டிரில்லை எடுத்து
கீறல் விழாத அந்தக் கூரையில்
முனையை வைத்தேன்.