நாலாவது வாரம்

ஹிதாயா,
போன வருஷம் தண்ணி லாரி வரிசையில்
உன் குடத்துக்குப் பின்னால் என் குடம்.
உனக்குக் கேட்காத குரலில்தான் சொன்னேன்:
"ஊசி போட்ட அன்னைக்கே புள்ளைக்குக் கொதிச்சிருச்சாம்.
காசு குடுத்துக் காய்ச்சல வாங்கிட்டு வந்திருக்கா."

அவ்வளவுதான் சொன்னேன்.
பதினோராவது குடத்துக்குப் போவதற்குள்
உன் ரிஸ்வியாவுக்கு வலிப்பு வந்திருந்தது.
அந்தப் பேச்சு மண்டபத்தில் பஸ் ஏறி
உச்சிப்புளியில் இறங்கியபோது
அவளை மதுரைக்குத் தூக்கிப்போயிருந்தார்கள்.
அவளோ அந்நேரம் என் வாசலில் உட்கார்ந்து
எங்கள் கோழிக்கு முறுக்கு உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு பேர் ஊசி வேண்டாமென்றார்கள்.
நாலில் ஒருத்தி நான்.

எனக்கு நிறையத் தெரிந்திருந்தது.
ஃபுளூ என்றால் வெறும் சளி என்று தெரியும்.
கொழுகொழு பிள்ளையை அது அண்டாது என்று தெரியும்.
அது குளிர் ஊர்க்காரர்களுடையது,
கருவாடு காயும் வெயிலில் நிற்காது என்றும் தெரியும்.

ஐப்பசியில் வாடை திரும்பிற்று.
நண்டுக் கம்பெனியில்
ஒரே மேசையில் பன்னிரண்டு பேர் ஓடு உடைத்தோம்.
ஒருத்தி இருமினாள்.
மறுநாள் மூன்று பேர்.
எனக்கு ரெண்டு நாள் உடம்பு வலி, மாத்திரையோடு போனது.
வீட்டுக்கு நான் கொண்டுபோனது
நண்டு வாடை மட்டும்தான் என்றிருந்தேன்.

ஜெரோனுக்கு அப்போது ஒன்றேகால் வயது.
மூன்றாம் நாள் அவன் விலா
உள்ளே போய்ப் போய் வந்தது,
வலையிலிருந்து எடுத்து மணலில் போட்ட பேத்தை மாதிரி.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
மூக்கில் குழாயோடு ஆறு நாள்.
பக்கத்துக் கட்டில் பிள்ளையும் கொழுகொழு.

நீ பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தாய்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

"ஒருவாட்டிதான் வந்துருச்சே, இனி வராது"
என்றான் ரெமிஜியுஸ், இந்தப் புரட்டாசியில்.
போன வருஷம் சூடை பட்ட இடத்திலேயே
இந்த வருஷமும் வலையை விட்டுட்டுத் தூங்குவியா என்றேன்.
தாடியைச் சொறிந்தான்.
பிறகு சட்டைப்பையைத் தடவினான்.
ஆயிரத்து எழுநூறு.
என் கையால் ஆறு நாள் நண்டு.
முதல் தடவை என்பதால்
நாலு வாரம் கழித்து இன்னொரு ஆறு நாள்.

ஊசி போட்ட ராத்திரி அவனுக்குச் சுட்டது. நூறு.
நான் லாரியடியில் சொன்ன சொல்
எழுந்துவந்து
பாயில் எங்கள் நடுவில் படுத்துக்கொண்டது.
நர்ஸ் முன்னமே சொல்லித்தான் அனுப்பினாள்:
உள்ளே போவது செத்த கிருமி, அது எழுந்து காய்ச்சலாகாது,
இது உடம்பு அதை அடையாளம் பார்க்கிற சூடு,
ஒன்றிரண்டு நாளில் அடங்கும்.
தெரிந்திருந்தும்
விடியும்வரை நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
உனக்கு அந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும்.
விடிந்தால் எங்கள் கண்கள் வேறு.

காலையில் அவன் இட்லி கேட்டான்.
பாதியைக் கோழிக்கு எறிந்தான்.

போன வாரம் அவனுக்கு மூக்கு ஒழுகியது.
"ஊசி போட்டும் பாரு" என்றாள் வரிசையில் ஒருத்தி.
சளி வேற, அது வேற என்றேன்.
அப்படியே வந்தாலும் போன வருஷம் மாதிரி இழுக்காது என்றேன்.
என் குரல் ரெண்டாவது குடத்தைத் தாண்டவில்லை.
அன்றைக்கு மட்டும்
எப்படி அவ்வளவு தூரம் போனது?

நாளைக்கு நாலாவது வாரம்.
ரிஸ்வியாவுக்கு இந்த வருஷத்து ஊசிக்கு
நீயும் ஆறு ஐம்பது பஸ்ஸில் வருகிறாயாம்.
ஆட்டோக்காரர் சொன்னார், நீ சொல்லவில்லை.
பஸ்ஸில் பக்கத்து சீட் கிடைத்தாலும்
எனக்கு வாய் வருமா தெரியாது.

இப்போது லாரி வந்துவிட்டது.
உன் குடத்தை எடுத்து
என் குடத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.
யாரு குடம் இது, யாரு குடம் என்று கத்துகிறார்கள்.
உன் பேரைச் சொல்கிறேன்,
கடைசிக் குடம்வரை கேட்கிற மாதிரி.
அதோடு நிறுத்துவதாக இல்லை.