கார்டில் இரண்டாவது பெயர்

ராயபுரம் விடுதியில் மாலை ஆறு மணிக்கு
மணி அடிக்கும்.
அறுபத்திரண்டு தட்டுகள் ஒன்றாக நகரும்.
பத்தொன்பது வருடம் அந்தச் சத்தத்தை
ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

விடுதியைச் சிறிதாக்கச் சொல்லி உத்தரவு வந்தது.
ஒவ்வொரு பிள்ளைக்கும் வெளியே
யாராவது இருக்கிறார்களா,
கோப்பைத் திறந்து மறுபடி தேடுங்கள் என்றார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இருந்தால் இங்கே ஏன் வருகிறார்கள்?

டில்லிபாபு, வயது பதினான்கு.
வந்தது ஆறில். அம்மா பெயர் பவுனு.
சேர்த்த காரணம்: வறுமை.
வறுமைக்குப் பணம்தானே கொடுத்திருக்க வேண்டும்,
நாங்கள் மகனை எடுத்துக்கொண்டோம்.
அடுத்த பக்கம், நீல மை:
"அம்மா வந்து போன இரவுகளில் படுக்கையை நனைக்கிறான்.
மாதம் ஒருமுறை சந்திப்பு போதும்."
அதற்கும் அடுத்த பக்கம்:
"முகவரியில் இல்லை. தொடர்பு அற்றது."
இரண்டும் என் கையெழுத்து.

சிந்தாதிரிப்பேட்டை ஆற்றோரம் போனேன்.
என் தபால்கள் திரும்பி வந்த தெருவைக் காணோம்.
அந்த இடத்தில் கம்பி வேலி,
உள்ளே நட்டு வாடிய செடிகள்.
ஆள் ஓடிவிட்டாள் என்று எழுதியிருந்தேன்.
ஓடியது தெரு.
டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"லாரில ஏத்தினு போனாங்கம்மா, பரீட்சை நேரத்துல.
பெரும்பாக்கம்."

ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
மூச்சு வாங்கி நின்றவளுக்குத் தண்ணீர் தந்துவிட்டு
யாரென்று கேட்டாள்.
சொன்னேன்.
அவள் அழவில்லை.
"ரெண்டு பஸ் மாறி வந்தேன், மூணு தபா.
ரெண்டாவது ஞாயிறு மட்டும்தான்னு
வாட்ச்மேன் அனுப்பிட்டான்.
ஞாயித்துக்கெழமதான் லாட்ஜுல கூட்டம்.
லீவு போட்டா வேலை போயிடும்."
பிறகு டப்பாவைத் திறந்து
ரேஷன் கார்டை நீட்டினாள்.
இரண்டாவது பெயர் அவனுடையது.
"எடுக்கல. எடுத்தா அரிசி கொறையும்ல."
எட்டு வருடம் அவன் பங்கு அரிசி
இந்த வீட்டில் வெந்திருக்கிறது.

"இப்ப அவனுக்கு இன்னா சைஸ் செருப்பு?"
கோப்பில் எடை இருந்தது, உயரம் இருந்தது,
தடுப்பூசித் தேதிகள் இருந்தன.
எனக்குத் தெரியவில்லை.

முதல் சனிக்கிழமை நானே கூட்டிப் போனேன்.
ஆறு மணிக்கு அவன் எழுந்து நின்றான்.
யாரும் மணி அடிக்கவில்லை.
சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
பெற்றவளைப் பார்த்துக் கேட்டான்:
"மிஸ், பாத்ரூம் போகட்டுமா?"
பவுனு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அவன் வரும்போது கைக்குழந்தையாய் இருந்த ஹரிணி
எதிரே உட்கார்ந்து
கணக்குப்போல விசாரித்தாள்:
"கார்டுல இருக்கற டில்லிபாபு நீதானா?"

நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான்.
மூன்றாவது வாரம் டிவி ரிமோட்டுக்குச் சண்டை.
இரவு பதினொன்றுக்கு
விடுதிக் கேட்டைத் தட்டிக்கொண்டு நின்றான்.
"பாத்தீங்களா, இதுதான் வீடு" என்றார் கண்காணிப்பாளர்.
வீட்டில்தான் சார் சண்டை போடுவார்கள்,
இங்கே இவன் எட்டு வருடம்
ஒருத்தரிடமும் கோபித்துக்கொண்டதில்லை என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
அவர் சொல்வதும் பாதி சரியோ என்று
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

காலையில் பவுனு வந்துவிட்டாள்.
இரண்டாவது ஞாயிறு இல்லை, வெறும் புதன்.
வாட்ச்மேன் என்னைப் பார்த்தார்.
நான் போய்க் கேட்டைத் திறந்தேன்.
கையில் பாலிதீன் பை,
பைக்குள் செருப்பு. ஒரு சைஸ் பெரிது.

இப்போது தினமும் எட்டரைக்கு
என் போனில் அவனைக் கூப்பிடுகிறாள்.
நேற்று ஏதோ சாப்பிடவில்லையாம்,
சோம்பேறி, எருமை, அப்பன் புத்தி என்று
நிறுத்தாமல் வந்துகொண்டிருந்தது.
போனைக் கையில் ஏந்தி
வராந்தாவில் நடந்தான்.
படுக்க வந்த பையன்கள் நின்று பார்த்தார்கள்.
"எங்கம்மா. திட்டுது" என்றான்,
ஸ்பீக்கரில் போட்டான்.