இருநூற்றுப் பன்னிரண்டாவது கோப்பு

சஸ்காட்டூனில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வேதியியல் துறையின் மூன்றாம் மாடியில்
நாங்கள் நால்வர், ஆறிப்போன காபி,
ஒன்பது இடங்களுக்கு முந்நூற்று நாற்பது பேர்.

லார்ன் ஃபேர் கட்டங்களைத் திரையில் விரிக்கிறார்.
மதிப்பெண் சராசரி. ஆய்வகத்தில் கழித்த மாதங்கள்.
வெளியான கட்டுரைகள். பரிந்துரைக் கடிதம் மூன்று.
கடைசிக் கட்டத்தின் பெயர்
'தனித்து ஆய்வு செய்யும் திறன்'.
நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே
நீச்சல் சொல்லித்தருகிறோம்.

ஒருவருக்கு நான்கு நிமிடம் என்று பேச்சு.
நான் கழிப்பறைக்குப் போய்வருவதற்குள்
ஹலீனா ஐந்து பேரை முடித்திருந்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு:
கெண்ட்ரா கீப்பிங்,
நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் பர்ஜியோ.
வெப்ப இயக்கவியலில் சி.
நடுவில் இரண்டு வருடம்
மீன் பதப்படுத்தும் ஆலையில் இரவு வேலை.
கட்டுரை ஏதும் இல்லை.
"அடுத்தது" என்கிறார் லார்ன்.
கெட்ட மனிதர் அல்ல, பசி.

என் கண் மூன்றாவது கடிதத்தில் மாட்டிக்கொண்டது.
அரைப் பக்கம்.
எழுதியவர் ஆய்வகப் பொறுப்பாளர்,
புகழத் தெரியாதவர் போலும்.

'எட்டு மாதம் ஒரு வினையூக்கியைச் சோதித்தாள்.
பத்தொன்பது முறை நன்றாகவே வந்தது.
இருபதாவது முறை, புதுக் குடுவையில், வரவில்லை.
யாரும் கேட்கவில்லை. தானாக வந்து சொன்னாள்.
பழைய குடுவையின் கீறலில்
யாரோ எப்போதோ விட்டுப்போன பலேடியம்தான்
அத்தனை நாளும் வேலை செய்திருக்கிறது.
கட்டுரை அத்தோடு போயிற்று.
அதில் என் பெயரும் இருந்திருக்கும்.'

என் ஆய்வேட்டில்
நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரைபடம்.
ஏழு புள்ளிகள், நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு.
எட்டாவது புள்ளி
பழைய குறிப்பேட்டில் பென்சிலில் இருக்கிறது.

முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைக்க முடியாது.
கடுகை மறைக்கலாம்.
இருபத்தாறு வருடம் மறைக்கலாம்.
அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து
பிறத்தியார் கோப்புகளைத் திருப்பலாம்.

"ஒரு நிமிடம்" என்றேன்.
கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன்.
டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
அழுக்கில்லாத கண்ணாடி.
"இதை எந்தக் கட்டத்தில் போடுவது?" என்றாள் ஹலீனா.
கிண்டல் இல்லை. நிஜமாகவே
திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
தேடிப் பார்த்தாள்.

காத்திருப்போர் பட்டியலில் மூன்றாம் இடம் கிடைத்தது.
யாராவது இருவர், மூவர் டொராண்டோவுக்குப் போனால்
ஏப்ரலில் பார்க்கலாம் என்றார் லார்ன்.
பிறகு இருநூற்றுப் பதின்மூன்று.

வண்டி நிறுத்துமிடத்தில்
எஞ்சினைச் சூடாக வைத்திருந்த மின்கம்பியைப் பிடுங்கினேன்.
குச்சியாய் விறைத்து நின்றது, சுருட்ட வரவில்லை.
"அந்தப் பெண்ணுக்காக ஏன் அவ்வளவு மல்லுக்கட்டினாய்?"
மப்ளருக்குள்ளிருந்து ஹலீனா கேட்டாள்.

"கடிதம் நன்றாக இருந்தது" என்றேன்.

ஏழு புள்ளி அளவுக்கு
அது உண்மை.