இடக்கைக் கையெழுத்து

நிலவறை அரங்கின் பின்வாசல்
குப்பைத் தொட்டிகளுக்கும் பீர் பீப்பாய்களுக்கும் நடுவே திறக்கும்.
பிர்னோ நகரில் நவம்பர்.
ஏழு பேர் நிற்கிறோம்.
எட்டாவது ஆள், ராடெக்கின் பை.

அதற்குள் ஐந்து இசைத்தட்டு உறைகள், ஐந்தும் ஒன்றே.
ஒன்றில் வாங்கினால் ரசிகன்
ஐந்தில் வாங்கினால் வியாபாரி என்று
அவனே சொல்லிச் சிரிப்பான்.
"பெயர் எழுதவா என்று கேட்டால்
வேண்டாம் என்று சொல், லிபுஷே.
'அன்புடன் இன்னாருக்கு' என்று விழுந்துவிட்டால்
பாதி விலைதான்."

நான் டிராம் ஓட்டுகிறேன்.
சீருடையிலேயே வந்துவிட்டேன்.
பதினொன்று நாற்பதுக்குக் கடைசி வண்டி என்னுடையது.
இப்போது பதினொன்று பத்து.

முதலில் வெளியே வந்தவன் டிரம்ஸ்காரன்.
யாரும் அவனிடம் எதையும் நீட்டவில்லை.
தன் தட்டுகளைத் தானே சுமந்துகொண்டு
"கொஞ்சம் வழி" என்றான்.
விட்டோம்.

பிறகு வாவ்ரா.
மேடையில் பியானோ அவருக்குச் சின்னதாக இருந்தது,
இங்கே கதவே அவருக்குப் பெரிது.
வலக்கை மணிக்கட்டுவரை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள்,
வாளி நிறையப் பனிக்கட்டி.
மதுக்கடைப் பெண் பின்னாலேயே வந்தாள்,
வாளி திரும்ப வேண்டுமாம்.

"இடக்கையில்தான் போட முடியும்.
கோழி கிளறியதுபோல் இருக்கும், பரவாயில்லையா?"

ராடெக்கின் பை மூடிக்கொண்டது.
"போலி என்பார்கள்" என்றான் என் காதில்,
"கை சரியாகட்டும், அடுத்த முறை."
அடுத்த முறை என்பதை அவன்
டிராம் வருவதுபோலச் சொன்னான்.

நான் கொண்டுவந்த உறையில்
ஏற்கெனவே ஒரு கையெழுத்து உண்டு.
பத்தொன்பது வருடத்துக்கு முந்தையது, வலக்கை, ஒரே இழுப்பு.
கடைசி எழுத்தின் வால் அட்டையைத் தாண்டி
என் கட்டைவிரல்வரை வந்திருந்தது அன்று.
இரண்டு நாள் கழுவவில்லை.
மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்க வேண்டியிருந்தது.

அதன் பக்கத்தில் இடம் காட்டினேன்.
பார்த்தார்.
முகம் தெரிந்து பெயர் மறந்த ஒருவரை
எதிரில் சந்தித்ததுபோல.
"நல்ல கை" என்றார், யாரையோ பற்றி.

இத்தனை வருடம் சேர்த்துவைத்த வாக்கியம் ஒன்று இருந்தது என்னிடம்.
வாயில் வந்தது வேறு:
"மூன்றாவது உருப்படியில் ஒரு சுரத்தை விட்டுவிட்டீர்கள்."

வரிசை முழுக்க என்னை முறைத்தது.
"நான் விடவில்லை, சுண்டுவிரல் வரவில்லை" என்றார்.
"அந்த இடத்தில் உங்களுக்கு என்ன கேட்டது?"

தண்டவாளம் பிரியும் இடத்தில்
சக்கரம் ஒரு கணம் எதன்மேலும் இல்லாமல் போகும்,
பயணிகளுக்குத் தெரியாது, எனக்கு முதுகில் தெரியும்.
அதைச் சொன்னேன்.
சரியாகச் சொன்னேனா தெரியவில்லை.
"உங்கள் பெயர்?" என்றார்.

பள்ளிப் பையன்போல நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.
என் பெயரே பாதி அட்டையைத் தின்றுவிட்டது,
அவர் பெயரில் இரண்டு எழுத்துக்கு இடமில்லை.
வாளி என் காலணிமேல் சொட்டிக்கொண்டிருந்தது.
"விலை போச்சு" என்றான் ராடெக், துக்கம் விசாரிப்பவன் குரலில்.

மை காயவில்லை.
ஓட்டுநர் மேடையில் உறையைத் திறந்தபடி சாய்த்துவைத்து
வளைவுகளில் மெல்லத் திருப்பினேன்,
பிரேக்கைக் கெஞ்சிக் கெஞ்சி அழுத்தினேன்.

மூன்றாவது நிறுத்தத்தில் ஏறினான் டிரம்ஸ்காரன்.
தட்டுகளைக் கதவு இடித்தது. அவை பேசிக்கொண்டன.
அவனைத் தவிர வண்டியில் யாருமில்லை.
கிளம்பாமல் எழுந்துபோய்
பணி அட்டையின் பின்பக்கத்தையும் பேனாவையும் நீட்டினேன்.
டிக்கெட் கேட்கிறேன் என்று நினைத்துப் பையைத் துழாவினான்.
புரிந்ததும்
அட்டையைத் தொடைமேல் வைத்து எழுதினான்,
ஒவ்வொரு எழுத்தாக, விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல:
ஹினெக் துஷெக்.
எவ்வளவு தெளிவாக!
கேட்டுப் பழகாத பெயர்கள் அப்படித்தான் எழுதப்படும் போல.

நாலு நிமிடத் தாமதம் பதிவாகியிருக்கிறது.
காரணம் கேட்கும் கட்டத்தில்
'தண்டவாளத்தில் ஈர இலைகள்' என்று எழுதினேன்.
நவம்பர்தானே, நம்புவார்கள்.